டீபக் என்று வைத்தும் லாக் ஏன் வரவில்லை, சர்வரில் எந்த லெவல் வைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பைத்தானில் எழுதிய பில்லிங் புரோகிராமில், லாக் செய்திகளை வாங்கும் லாகரின் லெவலை, அதாவது எவ்வளவு முக்கியமான செய்தி முதல் பதிவாக வேண்டும் என்ற அளவை, மிகக் கீழே உள்ள டீபக் என்று மாற்றினீர்கள், ஒரு டீபக் வரிகூட திரையில் வரவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, லாகிங்கை ஒரே வரியில் அமைக்கும் பேசிக்கான்ஃபிக்கை டீபக் லெவலோடு சேர்த்தீர்கள், இப்போது உங்கள் வரிகளோடு லைப்ரரிகள் எழுதும் ஆயிரம் வரிகளும் சேர்ந்து கொட்டுகிறது. கடைசியாக, சர்வரில் ஏற்றும்போது எந்த லெவலில் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள், டீபக் வரிகளால் வேகம் குறையுமோ என்ற கவலையையும் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு செய்தி பதிவாக வேண்டுமா வேண்டாமா என்பது எந்த இடத்தில் தீர்மானமாகிறது? முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் உண்டு, பைத்தான் ஆவணத்திலேயே இருக்கிறது. மூன்றாவது அனுபவத்தில் வருவது, அதில் நான் சொல்வதை என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாக சர்வர் பக்கம்தான் வேலை. அதில் பெரும்பகுதி, நடுராத்திரியில் போன் வந்தால் எழுந்து உட்கார்ந்து லாக் பார்க்கும் வேலை.

லெவல் என்பது உள்ளே வெறும் எண். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எர்ரர் 40, கிரிட்டிக்கல் 50. இந்த லாகிங் மாட்யூல் 2003-இல் பைத்தான் 2.3-உடன் வந்தது, அன்றிலிருந்து இந்த எண்கள் மாறவில்லை. நடுவில் பத்துப் பத்தாக இடம் இருப்பதால் 25 என்று சொந்தமாக ஒரு லெவல் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் வேண்டாம் என்பேன், உங்கள் புரோகிராமின் கோடை நாளை வாங்கிப் பார்ப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. இந்த ஐந்தோடு நாட்செட் என்று ஒன்று இருக்கிறது, அதன் எண் 0. பூஜ்யம் என்றால் எல்லாம் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு லாகருக்கு நாட்செட் என்றால் "எனக்கென்று தனி முடிவு இல்லை, என் அப்பாவைக் கேள்" என்று அர்த்தம். பில்லிங் டாட் டாக்ஸ் என்ற பெயரில் ஒரு லாகர் இருந்தால் அதன் அப்பா பில்லிங், பில்லிங்கின் அப்பா ரூட், அதாவது எல்லா லாகர்களுக்கும் மேலே இருப்பது. புதிதாக உருவாக்கும் எந்த லாகரும் நாட்செட்டில்தான் பிறக்கிறது, ரூட் மட்டும் வார்னிங்கில் பிறக்கிறது. அதனால்தான் எதையும் தொடாமல் விட்டால் வார்னிங்கும் அதற்கு மேலேயும் மட்டும் தெரிகிறது, இன்ஃபோ தெரிவதில்லை.

இப்போது உங்கள் முதல் சிக்கல். ஒரு செய்தி ஃபைலுக்கோ திரைக்கோ போய்ச் சேர இரண்டு வாசல் தாண்ட வேண்டும். முதல் வாசல் லாகர்: செய்தியின் எண், அந்த லாகருக்கு நடைமுறையில் உள்ள லெவலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது வாசல் ஹேண்ட்லர், அதாவது உண்மையில் எழுதுகிற ஆள், ஃபைலில் எழுதுபவர் ஒருவர், திரையில் எழுதுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி லெவல் உண்டு. நீங்கள் செட்லெவல் போட்டு லாகரின் லெவலை மாற்றியது முதல் வாசலைத்தான் திறந்தது. செய்தி உள்ளே வந்தது, எழுத யாராவது இருக்கிறார்களா என்று உங்கள் லாகரில் பார்த்தது, இல்லை, அப்பாவிடம் பார்த்தது, ரூட்டிடம் பார்த்தது, எங்கேயும் ஹேண்ட்லர் இல்லை. அப்படி ஒருவருமே இல்லாதபோது பைத்தான் லாஸ்ட் ரிசார்ட் என்று தன்னிடம் வைத்திருக்கும் ஒரு ஹேண்ட்லரைக் கூப்பிடும், அதன் லெவல் வார்னிங். உங்கள் டீபக் வரி அந்த வாசலில் நின்றுபோனது. இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. அதே இடத்தில் ஒரு வார்னிங் எழுதிப் பாருங்கள். நேரம், லெவல் பெயர், லாகர் பெயர் எதுவும் முன்னால் ஒட்டாமல் நீங்கள் கொடுத்த செய்தி மட்டும் மொட்டையாக வந்தால், எழுதியது அந்தக் கடைசி ஆள்தான்.

இதிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்கள்கூட தடுமாறும் இடம் இது. ஒரு செய்தி குழந்தை லாகரின் வாசலைத் தாண்டிவிட்டால், மேலே ஏறும்போது அப்பா லாகரின் லெவல், ரூட்டின் லெவல் எதுவும் திரும்பப் பார்க்கப்படுவதில்லை. அவர்களிடம் இருக்கும் ஹேண்ட்லர்களின் லெவல் மட்டும்தான் பார்க்கப்படும். பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட் எடுத்துவிட்டால் வழியில் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் கேட்பதில்லையே, அப்படி. ரூட்டை எர்ரரில் வைத்துவிட்டேன், இனி எல்லாம் அமைதியாகிவிடும் என்று நம்பி, தனக்கென்று டீபக் லெவல் வைத்திருக்கும் ஒரு குழந்தை லாகர் ரூட்டின் ஃபைலிலேயே எழுதித் தள்ளுவதைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. ஒரு குறிப்பிட்ட ஃபைலுக்கு எர்ரர் மட்டும்தான் போக வேண்டும் என்றால் அந்த ஃபைலை எழுதும் ஹேண்ட்லரின் லெவலை எர்ரர் ஆக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் இதிலிருந்தே புரியும். பேசிக்கான்ஃபிக் இரண்டு வேலை செய்கிறது: ரூட்டுக்கு ஒரு ஹேண்ட்லர் மாட்டுகிறது, நீங்கள் கொடுத்த லெவலை ரூட்டுக்கு வைக்கிறது. ரூட்டை டீபக் ஆக்கியதும், தங்களுக்கென்று லெவல் வைக்காத எல்லா லைப்ரரிகளும் ரூட்டைக் கேட்டு, டீபக்தான் என்று தெரிந்துகொண்டு, எழுத ஆரம்பித்துவிட்டன. அதனால் பேசிக்கான்ஃபிக்கில் வார்னிங் அல்லது இன்ஃபோ கொடுங்கள், உங்கள் பில்லிங் லாகருக்கு மட்டும் தனியாக டீபக் வையுங்கள். பேசிக்கான்ஃபிக் மாட்டும் ஹேண்ட்லருக்கு லெவல் 0, அங்கே நாட்செட் என்பது நிஜமாகவே எல்லாவற்றையும் விடும், ஆகவே உங்கள் டீபக் வரிகள் வரும், மற்றவர்களுடையது வராது. ஒரு எச்சரிக்கை: நேரடியாக ஓட்டும் ஃபைலில் லாகருக்கு டபுள் அண்டர்ஸ்கோர் நேம் என்ற வழக்கமான முறையில் பெயர் வைத்திருந்தால், அந்த ஃபைலில் அதன் பெயர் பில்லிங் என்று இருக்காது, மெயின் என்று இருக்கும். அது பில்லிங்கின் குழந்தை இல்லை, நேராக ரூட்டின் குழந்தை. மற்ற மாட்யூல்களின் டீபக் வருகிறது, மெயின் ஃபைலுடையது மட்டும் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேசிக்கான்ஃபிக் பற்றி இன்னொன்று. ரூட்டுக்கு ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் அது ஒன்றுமே செய்யாது, எர்ரரும் தராது, சும்மா திரும்பிவிடும். லாகரை எடுக்காமல் மாட்யூலின் பெயரிலேயே லாகிங் டாட் இன்ஃபோ என்று எங்காவது ஒரு வரி அதற்கு முன்னால் ஓடியிருந்தால், அந்த வரியே உள்ளுக்குள் பேசிக்கான்ஃபிக்கைக் கூப்பிட்டு ஒரு ஹேண்ட்லரை மாட்டியிருக்கும், நீங்கள் அப்புறம் எழுதியது வீண். பைத்தான் 3.8-இலிருந்து ஃபோர்ஸ் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதை ட்ரூ கொடுத்தால் பழைய ஹேண்ட்லர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டும். எல்லா அமைப்பையும் ஒரு டிக்ஷனரியாகக் கொடுக்கும் டிக்ட்கான்ஃபிக் பயன்படுத்தினால் வேறு ஒரு பொறி: டிஸேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ் என்பது சொல்லாவிட்டால் ட்ரூ. அதாவது கான்ஃபிக் ஓடுவதற்கு முன்பே இம்போர்ட் ஆகி உருவான லாகர்கள், கான்ஃபிக்கில் அவற்றின் பெயரோ அவற்றின் அப்பா பெயரோ இல்லையென்றால், மொத்தமாக வாயடைக்கப்படும், எர்ரர்கூட வராது. இதை ஃபால்ஸ் என்று எழுதாத டிக்ட்கான்ஃபிக்கை நான் ரிவ்யூவில் விடுவதே இல்லை.

ஒரே வரி இரண்டு முறை வந்தால், பெரும்பாலும் குழந்தையிடமும் ரூட்டிடமும் ஹேண்ட்லர் இருக்கிறது என்று அர்த்தம். குழந்தையுடையதைக் கழற்றுங்கள். பொதுவாக ஹேண்ட்லர் ரூட்டில் மட்டும் இருப்பது நல்லது.

வேறு இடங்களில் எண் தலைகீழாக ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், லினக்ஸ் சர்வரில் ஏற்றும்போது இடிக்கும். எரிக் ஆல்மன் என்பவர் 1980-களில் செண்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காக எழுதிய சிஸ்லாக் என்ற லாக் முறையில் 0 என்றால் எமர்ஜென்சி, 3 எர்ரர், 4 வார்னிங், 6 இன்ஃபோ, 7 டீபக். எண் சின்னதாக ஆக ஆக விஷயம் பெரிது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் அதே எட்டு லெவல்தான், அதன் கன்சோல் லெவலை 4 என்று வைத்தால் 4-ஐ விடச் சின்ன எண் உள்ளவை மட்டும் திரைக்கு வரும், அதாவது எர்ரர் வரும், வார்னிங் வராது. சர்வரில் புரோகிராம்களை ஓட்டி அவற்றின் லாகைச் சேர்க்கும் சிஸ்டம்டியின் லாகைப் பார்க்க உதவும் ஜர்னல்சிடிஎல்லில் பி என்ற விருப்பத்தோடு வார்னிங் என்று கொடுத்தாலோ 0 முதல் 4 வரை எல்லாம் வரும், வார்னிங்கும் சேர்த்து. ஒன்றில் அந்த லெவல் சேரும், இன்னொன்றில் சேராது. எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள், முடிந்த இடத்தில் எல்லாம் பெயரையே எழுதுங்கள்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம், எனக்கு இதில்தான் அதிக அக்கறை. எந்த லெவலில் விடுவது என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் செய்திக்கு எந்த லெவல் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அது தப்பாக இருந்தால் வாசலை எங்கே வைத்தாலும் தப்புத்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், கடைக்காரர்களுக்கு அன்றைய வசூலை அவர்கள் கணக்கில் சேர்க்கும் ஒரு ஜாப் தினம் ராத்திரி ஓடும். வங்கியிலிருந்து ஒரு ஃபைல் வரும், அதைப் படித்துப் பணம் பிரிக்க வேண்டும். ஒருநாள் ஃபைல் காலியாக வந்தது. ஜாப் அதைப் படித்தது, பூஜ்யம் பதிவு என்று கணக்குப் போட்டது, நல்லபடியாக முடிந்தது. லாகில் இருந்த வரி: "இன்ஃபோ, செட்டில்மெண்ட் முடிந்தது, பதிவுகள் 0". அதே லாகில் அன்று எர்ரர் லெவலில் நூற்றுக்கணக்கான வரி இருந்தது, எல்லாம் ஒரே வரி: "எர்ரர், கடவுச்சொல் பொருந்தவில்லை". யாரோ ஒரு பயனர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்ததெல்லாம் எர்ரர். எர்ரர் வந்தால் மெயில் வரும்படி வைத்திருந்தோம், இந்த மெயில்களால் எல்லோரும் அதை ஒரு தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருந்தோம். மூன்றாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் போன் செய்தார், "மூணு நாளா பணம் ஏறல சார், சரக்கு எடுக்கணும்" என்று. அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. லாகில் எல்லாம் இருந்தது. லெவல்கள் மட்டும் இடம் மாறி இருந்தன.

அன்றிலிருந்து நான் லெவல் போடும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி, இதை யார், எப்போது பார்க்க வேண்டும் என்பதுதான். எர்ரர் என்றால் ஒரு மனிதர் இன்றைக்கே பார்த்து ஏதாவது செய்தாக வேண்டும். கிரிட்டிக்கல் என்றால் தூங்குபவரை எழுப்ப வேண்டும். பாஸ்வேர்ட் தப்பாக அடித்தது பயனரின் நாள்வழக்கம், இன்ஃபோ போதும், ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு ஐம்பது வந்தால் அதை எண்ணி ஒரு வார்னிங் போடலாம். இன்ஃபோ என்பது நாளை யாராவது "என் பில் என்ன ஆயிற்று" என்று கேட்டால் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையான வரிகள்: பில் வந்தது, வரி கணக்கிட்டது, பணம் பெற்றது, ஒவ்வொன்றிலும் பில் எண்ணோடு. டீபக் என்பது கோடு எழுதுபவருக்கானது. வார்னிங்தான் சிரமம், இதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து கிடையாது, டெவலப்பர்கள் முடிவெடுக்க மனமில்லாமல் போடும் லெவல் அதுவாகவே ஆகிவிடுகிறது. என் அளவுகோல் இது: புரோகிராம் தானே சமாளித்துவிட்டது, ஆனால் இதுவே அடிக்கடி நடந்தால் எர்ரர் ஆகிவிடும். பேமெண்ட் கேட்வே முதல் தடவை பதில் தரவில்லை, இரண்டாவது முயற்சியில் தந்தது என்றால் வார்னிங். மூன்று முயற்சியும் தோற்றால், அப்போதுதான், ஒரே ஒரு எர்ரர். ஒவ்வொரு முயற்சிக்கும் எர்ரர் எழுதி, மேலே எக்செப்ஷனைப் பிடித்த இடத்தில் இன்னொரு எர்ரர் எழுதி, அதற்கு மேலே மறுபடி ஒன்று என்று ஒரே சம்பவத்துக்கு ஐந்து வரி வரும் கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே கையாளுகிறீர்களோ அங்கே மட்டும் எழுதுங்கள். எக்செப்ஷன் பிடித்த இடத்தில் லாகர் டாட் எக்செப்ஷன் என்று எழுதினால் எர்ரர் லெவலிலேயே, பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்று காட்டும் ட்ரேஸ்பேக்கும் சேர்ந்து வரும், அதைத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டியதில்லை.

செய்திகளுக்கு லெவல் ஒழுங்காக இருந்தால் சர்வரில் இன்ஃபோவில் விடுங்கள் என்பதுதான் என் பழக்கம். வார்னிங்கில் விட்டால் ஃபைல் சின்னதாக இருக்கும், ஆனால் பிரச்சினை வந்த அன்று அதற்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. நொடிக்குப் பல்லாயிரம் வேண்டுகோள் வரும் இடத்தில் இருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்கள் கணக்கு வேறு, ஒவ்வொரு இன்ஃபோ வரியும் அங்கே செலவு. உங்கள் பில்லிங் புரோகிராம் அந்த அளவு இல்லை என்று நினைத்துச் சொல்கிறேன். லெவலைக் கோடில் எழுதாமல், கோடுக்கு வெளியே வைக்கும் என்விரான்மெண்ட் வேரியபிளில் வையுங்கள், பிரச்சினை வரும் நாளில் கோடைத் தொடாமல் டீபக் ஆக்கலாம். செட்லெவலுக்குப் பெயரைச் சரமாகவே கொடுக்கலாம், ஆனால் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் கொடுத்தால் வேல்யூஎர்ரர் வந்து புரோகிராம் நின்றுவிடும், பெரிய எழுத்தாக்கும் அப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

டீபக்கை சர்வரில் திறந்துவிடுவதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று டிஸ்க். ஃபைல் பெரிதானதும் புது ஃபைலுக்கு மாறும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் போட்டிருக்கிறேன், பயமில்லை என்பார்கள், ஆனால் அதில் மேக்ஸ் பைட்ஸ், பேக்கப் கவுண்ட் இரண்டில் எது பூஜ்யமாக இருந்தாலும் சுழற்சியே நடக்காது, இரண்டுக்குமே சொல்லாவிட்டால் பூஜ்யம்தான். பல ப்ராசஸ்கள் ஒரே ஃபைலில் எழுதுவதையும் பைத்தான் ஆதரிப்பதில்லை, பைத்தான் வெப் புரோகிராம்களை ஓட்டும் கன்னிகார்னில் நான்கு வொர்க்கர், அதாவது நான்கு ப்ராசஸ், ஓட்டினால் ஃபைலுக்குப் பதில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதி மற்றதை சிஸ்டம்டியிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது ஆபத்து, ரகசியங்கள். டீபக் லெவலில் பல லைப்ரரிகள் போகிற வருகிற ஹெடர்கள், டோக்கன்கள்கூட எழுதும். 2018 மே மாதம் ட்விட்டர், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படுவதற்கு முன்பே ஒரு உள் லாகில் பதிவாகிவிட்டன என்று சொல்லி 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. பாஸ்வேர்டை டீபக்கில்தானே எழுதுகிறேன், சர்வரில் அது வராதே என்று ஒருபோதும் நினைக்காதீர்கள், என்றோ ஒருநாள் அவசரத்தில் யாராவது அதைத் திறப்பார்கள். எந்த லெவலிலும் எழுதக் கூடாதது அது.

வேகம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். எழுதப்படாத டீபக் வரியின் செலவு மிகக் குறைவு, ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடுவதுதான். ஆனால் மதிப்பைச் சரத்துக்குள்ளேயே எழுதும் எஃப்-ஸ்ட்ரிங்கில் செய்தியைக் கோத்துக் கொடுத்தால், வரி எழுதப்படாவிட்டாலும் அந்தச் சரம் முதலிலேயே தயாராகிவிடும். சதவீதக்குறி எஸ் போட்டு மதிப்பைத் தனி ஆர்க்யுமெண்டாகக் கொடுங்கள், வாசல் தாண்டினால் மட்டும்தான் கோக்கும். அந்த ஆர்க்யுமெண்டே டேட்டாபேஸைக் கேட்கும் ஒரு ஃபங்ஷனாக இருந்தால் இதுவும் உதவாது, கூப்பிடும்போதே ஓடிவிடும், அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் அந்த லெவல் திறந்திருக்கிறதா என்று சொல்லும் இஸ்எனேபிள்ட்ஃபார் என்று ஒரு இஃப் போட்டு உள்ளே எழுதுங்கள். எல்லா இடத்திலும் போட்டால் கோடு படிக்கவே முடியாது.

உங்கள் கோடை நான் பார்க்கவில்லை, அதனால் மேலே சொன்ன காரணங்களில் எது உங்களுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஹேண்ட்லர் இல்லாததுதான் என்பது என் ஊகம், நீங்கள் எழுதிய அறிகுறி அதற்குத்தான் பொருந்துகிறது. இதைச் செய்து பாருங்கள்: டீபக் வரி வர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நான்கு விஷயத்தைச் சாதாரண பிரிண்ட்டில் எழுதுங்கள். லாகரின் பெயர், அதன் நடைமுறை லெவலைச் சொல்லும் கெட்எஃபெக்டிவ்லெவல் தரும் எண், அந்த லாகரின் ஹேண்ட்லர் பட்டியல், ரூட்டின் ஹேண்ட்லர் பட்டியல். ஹேண்ட்லரைப் பிரிண்ட் செய்தால் அதன் லெவலும் கூடவே தெரியும். எண் 10-க்கு மேல் இருந்தால் முதல் வாசல் மூடியிருக்கிறது. 10 இருந்து இரண்டு பட்டியலும் காலியாக இருந்தால் நான் சொன்னதுதான். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் லாகரின் டிஸேபிள்ட் என்ற மதிப்பையும் பாருங்கள், டிக்ட்கான்ஃபிக் வாயடைத்திருக்கலாம். நான்கு வரியையும் இங்கே அப்படியே ஒட்டுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.